சவரம் செய்த எட்டுப் பேர்

ஆழிமுட்டத்து ஆண்கள் கடலுக்குப் போனால் கரைக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்புவார்கள்: "சொகம்." இன்ஜின் நின்றாலும் சொகம். வலை கிழிந்தாலும் சொகம். புயலில் சிக்கிச் சோறு பொங்காமல் சுருண்டு கிடந்தாலும் சொகம். கெட்ட செய்தி தண்ணீர்மேல் வரக்கூடாது, மண்ணை மிதித்துத்தான் வரவேண்டும் என்பது ஊர்க்கட்டு. யார் போட்ட கட்டு என்று தெரியாது. மீறியவன் என்று யாரையும் காட்டவும் முடியாது. கரைக்காரர்களும் அப்படித்தான். மாமியார் செத்துப்போனால்கூடக் கடலுக்குப் போகிற செய்தி "சொகம்" என்றே போகும். சில மருமகள்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

ஆகவே ஆழிமுட்டத்துப் பெண்களுக்குச் சொல்லில் நம்பிக்கை கிடையாது. முகத்தைப் பார்த்தால்தான் நம்புவார்கள். முகமோ ஓமானுக்குப் பக்கத்தில் எங்கேயோ வலை இழுத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க ஒரு பொறியியல் கல்லூரி முன்வந்தது. கல்லூரிக்கும் ஒரு குறை இருந்தது. தரச்சான்றுக் குழு வரப்போகிறது, காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பேராசிரியர் சாலமோன் குணசீலன் ஒரு திட்டம் போட்டார். அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு துறைமுகத்தைத் தாண்டிவிடும் என்பதால் ஊரில் அதைப் 'படப்பெட்டி' என்றார்கள்.

விஷயம் இவ்வளவுதான். படகில் ஒரு பெட்டி. சாயங்காலம் எல்லோரும் படகின் முன்பக்க அணியத்தில் வரிசையாக நின்று பொத்தானை அமுக்கினால் படம் எடுத்து அலையில் அனுப்பும். கூடவே நாலைந்து சொல் எழுதலாம். சொல் சின்னது, பத்திரமாக வந்துவிடும். படம் பெரியது. வழியில் காற்று, மழை, மற்ற படகுகளின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து அதைக் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை அனுப்பும். மிச்சம் என்றால் வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு தேவாலயத்தின் பங்கு மண்டபத்துப் பக்கத்து அறையில் இருக்கும் மெஷின் முழுப் படத்தையும் தானே வரைந்து கொடுக்கும்.

வரைய அதற்குச் சொல்லித்தர வேண்டும். ஊர் ஆட்களின் படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். மாணவர்கள் கேமராவுடன் வந்து இறங்கிய நாள் படகு மந்திரிப்புத் திருநாள். வருடத்தில் எல்லாப் படகும் கரையில் இருக்கும் ஒரே நாள் அதுதான். ஊருக்கே பிரியாணி போடும் ஒரே நாளும் அதுதான். இரண்டில் எந்தக் காரணம் திட்ட அறிக்கையில் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. அன்று பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க, ஒவ்வொரு படகிலும் ஆட்கள் அவரவர் இடத்தில் வரிசையாக நின்றார்கள். புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, மழுங்கச் சவரம் செய்த முகம். மெஷின் அதையெல்லாம் பார்த்து, மீனவன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று கற்றுக்கொண்டது.

*

'சமுத்திர மாதா' படகில் எட்டுப் பேர். இடது ஓரத்திலிருந்து மூன்றாவதாக நிற்பவர் ததேயுஸ். படகில் யார் எங்கே நிற்பது, எங்கே படுப்பது என்பது ஏறிய நாளில் முடிவாகும், இறங்கும்வரை மாறாது. அதனால் அவர் மனைவி பிளாரிட்டாவுக்குத் திரையில் தேட வேண்டிய வேலை இல்லை. மூன்றாவது தலை.

சவேரியார் திருநாள் முடிந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்த மூன்றாவது தலையை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"எட்டி எமல்டா," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். எமல்டாவின் கணவன் பெர்க்மான்ஸும் அதே படகுதான், ஆறாவது தலை. "இவ்வளவு நாளாச்சு. ஒருத்தனுக்காவது தாடி இருக்கா பாரு."

"குடிக்கவே தண்ணி அளந்து குடுப்பாங்களே, இதுல சவரம் வேறயா?"

"அதான் கேக்குதேன். அங்க எந்த மகராசி இவங்களப் பாக்க வாறா?"

அறையில் இருந்த பத்துப் பதினைந்து பெண்களும் சிரித்தார்கள். கடற்கன்னி என்று ஒருத்தி சொல்ல, தாடி அவ செதிலுல உரசுமாக்கும், அதான் சவரம் என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிளாரிட்டா மெஷினுக்குக் காவலாகப் போடப்பட்டிருந்த மாணவனிடம் திரும்பினாள். பெயர் கோமதிசங்கர். சங்கரன்கோவில்காரன், கடலை முதல்முதலாகப் பார்த்ததே இந்தத் திட்டத்தில்தான்.

"தம்பி, எழுதும். 'யாருக்குக் காட்ட சவரம்?'"

அவன் அப்படியே தட்டி அனுப்பினான். மறுநாள் படத்தோடு பதில் வந்தது: "சொகம்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுதாரா பாரு," என்றாள் பிளாரிட்டா. சிரிப்பில் பாதிதான் முகத்துக்கு வந்தது.

*

அடுத்த நாள் மதியம் அவள் தனியாக வந்தாள். கோமதிசங்கர் கீபோர்டுக்கு மேல் பொட்டலத்தைப் பிரித்துவைத்துப் புரோட்டா தின்றுகொண்டிருந்தான். கீபோர்டில் எண்ணெய் படாமலிருக்க ஆய்வுக்கட்டுரை ஒன்றை அடியில் விரித்திருந்தான். அந்தக் கட்டுரையால் அதுவரை விளைந்த ஒரே பயன் அது.

"தம்பி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். அவருக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு உண்டு. வலைக்கம்பி அடிச்சது. படத்துல தெளிவாத் தெரியுது. அவ்வளவு சின்னத் தழும்பு தெரியுது, தாடி மட்டும் ஏன் தெரியல்ல?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "அக்கா, தெரியாத எடத்துல மெஷின் தனக்குத் தெரிஞ்சத வச்சு நிரப்பும். தழும்பு மந்திரிப்பன்னைக்கே அதுக்குத் தெரியும். தாடி தெரியாது."

"அப்போ நான் பாக்குதது?"

"கொஞ்சம் கடல்லேருந்து வந்தது. மீதி மெஷின் போட்டது."

"இதுல எனக்க ஆளு எவ்வளவு?"

இந்தக் கேள்வியைப் பேராசிரியரோ தரச்சான்றுக் குழுவோ அதுவரை கேட்டதில்லை. ஆனால் பதில் மெஷினுக்குள் இருந்தது. அவன் எதையோ அமுக்கினான்.

"நூத்துல மூணு பங்கு, அக்கா."

அவள் திரைக்குக் கிட்டே வந்தாள். மெஷின் நிரப்புவதற்கு முன் வந்ததைக் காட்டச் சொன்னாள். காட்டினான். வறுத்த ரவையைச் சிமெண்டுத் தரையில் கொட்டியது போல இருந்தது. எங்கே கடல், எங்கே ஆள் என்று தெரியவில்லை.

"இதத்தான் அவர் அனுப்புனாரா?"

"நல்ல படமாத்தான் அனுப்பிருப்பாங்க. நமக்கு வந்து சேந்தது இது."

"சரி. எழுதும். 'எல்லாரும் இடது கையத் தூக்கி நில்லுங்க.' நாளைக்குப் படத்துல கை தூக்கி இருந்தா நம்புதேன்."

மறுநாள் படம் வந்தது. சவரம் செய்த எட்டுப் பேர் புதுச் சட்டையில், கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாமியாரின் தீர்த்தத்துக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். கீழே "சொகம்."

"மெஷின் கையை எறக்கி விட்டுருக்கலாம் அக்கா," என்றான் கோமதிசங்கர். "கை தூக்கின ஆளை அது பாத்ததே இல்ல."

"அவர் தூக்காமயும் இருந்திருக்கலாம்."

"இருக்கலாம்."

"நல்ல மெஷினாக்கும்," என்றாள் பிளாரிட்டா. "எங்க ஊரு ஆம்பளையளுக்குத் தம்பி மாதிரி இருக்கு."

*

அதற்குப் பிறகு படங்கள் மாற ஆரம்பித்தன.

முதலில் வானத்தில் மேகம் வந்தது. இதுவரை ஆழிமுட்டத்துப் படகுகளின்மேல் மேகம் கூடியதே இல்லை, மந்திரிப்பன்று வெயில் அடித்ததால். பிறகு சட்டைகள் அழுக்காயின. ராயப்பனுக்கு மோவாயில் நிழல் மாதிரி ஏதோ விழுந்தது. ராயப்பன்தான் படகோட்டி, வரிசையில் முதல் தலை. அடுத்த நாள் அது நிழல் இல்லை, நரைத்த தாடி என்று தெரிந்தது. பெர்க்மான்ஸின் கன்னம் ஒடுங்கியது. கைகள் மட்டும் பழையபடியே தொங்கின. எமல்டா திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கறுத்துப் போயிட்டான் பாவி," என்று சந்தோஷமாக அழுதாள்.

பேராசிரியர் வந்து பார்த்தார். இருபது நிமிடம் நின்று ரசித்தார்.

"லுக் கோமதிசங்கர், மாடல் தானாவே இம்ப்ரூவ் ஆகுது! பியர்ட் டெக்ஸ்ச்சர் பாருங்க. இதுக்கு ஒரு தனி பேப்பர் போட்டுடலாம்."

"சார், நாம மாடலத் தொடவே இல்ல. சிக்னல்தான் நல்லா வருது."

"சிக்னல் ஏன் நல்லா வரும்?"

"தெரியல சார்."

"தெரியாததைப் பேப்பர்ல 'எதிர்கால ஆய்வு'ன்னு போடுங்க," என்று சொல்லிவிட்டு, குழு வரும் அன்று திரைக்கு மாலை போடலாமா, குத்துவிளக்கு வைத்தால் வயர் தீப்பிடிக்குமா என்பதையெல்லாம் ஆராயப் போய்விட்டார்.

அன்று சாயங்காலப் படம் வந்ததும் மற்றப் பெண்கள் அவரவர் ஆளைப் பார்த்து, திட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிளாரிட்டா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, எண்ணிப் பாரும். எத்தனை பேருக்குத் தாடி?"

அவன் எண்ணினான். "ஏழு."

"எனக்க ஆளுக்கு?"

ததேயுஸ் மூன்றாவதாக நின்றார். வெள்ளைச் சட்டை, கசங்கவில்லை. எண்ணெய் மினுங்கும் தலை. மழுங்கச் சிரைத்த மோவாய். இருபுறமும் பரட்டைத் தலையும் உப்புப் பூத்த தோளுமாக நின்றவர்களுக்கு நடுவே, கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் படகில் ஏறிக்கொண்டவர் போல இருந்தார். சற்று வெளுத்தும் இருந்தார். அவருடைய தோள் வழியே பின்னாலிருந்த கயிற்றுச் சுருள் மங்கலாகத் தெரிந்தது.

"எல்லாருக்கும் மொளச்சது இவருக்கு மட்டும் ஏன் மொளைக்கல்ல?"

கோமதிசங்கர் திரையை உற்றுப் பார்த்தான். அவனுக்கு வேறொன்று உறைத்திருந்தது. "அக்கா, சிக்னல் எப்ப நல்லா வரும்னா… படகு கிட்ட வந்தா வரும். தூரம் கொறஞ்சா படம் கடிபடாம வந்து சேரும். அவங்க திரும்பி வந்துகிட்டு இருக்காங்கன்னு நெனைக்கேன்."

"இப்பவா?"

"பாதியிலயே திரும்புவாங்களா? மீனு நெறைய கெடச்சிருக்குமோ?"

பிளாரிட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மீன் நிறைந்து திரும்புகிற படகு தண்ணீரில் அமுங்கி வரும். இந்தப் படகின் ஓரப்பலகை உயர்ந்து நிற்பதை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். பார்த்ததை இரண்டு நாளாகத் தனக்குள் எடுத்துக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

"கிடங்கு காலியா வருது," என்றாள். "காலிக் கிடங்கோட பாதியில திரும்புனா அதுக்கு ஒரு காரணம்தான் உண்டு." சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "தம்பி, அன்னைக்கு ஒரு கணக்கு சொன்னீரே. எனக்க ஆளு எவ்வளவுன்னு. இப்போ எவ்வளவு?"

"மொத்தப் படத்துக்கும் அறுபது பங்கு வருதுக்கா."

"மொத்தப் படம் வேண்டாம். எனக்க ஆளுக்கு மட்டும் பாரும்."

மூன்றாவது தலையைச் சுற்றி அவன் ஒரு கட்டம் போட்டான். எண் வந்தது. அதைப் படிக்காமல் திரையை மறைப்பது போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயதுக்கு அவனிடம் அதைவிடப் பெரிய மறைப்பு இல்லை.

"சொல்லும்."

"அக்கா…"

"சரி, சொல்லாண்டாம். மெஷின் போட்டதை எடுத்திரும். வந்தத மட்டும் காட்டும்."

எடுத்தான். இப்போது ரவை இல்லை. கொஞ்சம் பொரிந்த, மழையில் நனைந்த மாதிரியான படம். ஆனால் ஆட்கள் தெரிந்தார்கள். ஏழு பேர். ஏழு பேரும் இடது கையை உயர்த்தியிருந்தார்கள். முதல் ஆள், இரண்டாம் ஆள். பிறகு ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியே கயிற்றுச் சுருளும் கடலும். பிறகு நான்காம் ஆள்.

"எடம் விட்டிருக்காங்க," என்றாள் பிளாரிட்டா.

கோமதிசங்கருக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள், பாடம் ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல்: "கடல்ல ஒருத்தன் போனா வாயால சொல்லக்கூடாது. அவன் நின்ன எடத்தை, படுத்த எடத்தை அப்படியே விட்டுரணும். கரை சேருற வரைக்கும் யாரும் அதுல நிக்க மாட்டாங்க. பாத்தவங்க புரிஞ்சுக்கணும். முன்னால கரையிலேருந்து பாக்க வழியில்ல. இப்பதான நீங்க பொட்டி குடுத்தீங்க. அவங்க காட்டிருக்காங்க தம்பி. தெனமும் காட்டிருக்காங்க."

"எட்டுப் பேரைத்தான் மெஷின் பாத்திருக்கு, அக்கா. காலி எடத்தை அதுவே நிரப்பிருச்சு," என்றான் அவன்.

அவள் எழுந்து கதவுவரை போய், அங்கே தரையில் உட்கார்ந்தாள். அழுகை உடனே வரவில்லை. வந்தபோது அறையிலிருந்த மின்விசிறிச் சத்தத்தை விடச் சன்னமாகத்தான் இருந்தது.

*

படகு வந்த அன்று ஊரே கடற்கரையில் நின்றது. ராயப்பன் முதலில் இறங்கி, அலை தொடாத காய்ந்த மண்ணில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ததேயுஸ் போயிட்டான், பிள்ளே. வலை இழுக்கையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான். எழும்பல்ல. ஐசுல வச்சுக் கொண்டுவந்திருக்கோம்."

"என்னைக்கு?"

"சவேரியார் திருநாளுக்கு மறுநாள். அன்னைக்கே படகத் திருப்பிட்டோம். அன்னைக்கே எடம் விட்டுப் படமும் அனுப்பிச்சோம். ஒனக்குத் தெரியும்னு இருந்தோம்."

அவள் மனதுக்குள் நாட்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பெர்க்மான்ஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"மைனி, அதுக்குப் பொறவுதான் நீங்க எழுதினீங்க. யாருக்குக் காட்ட சவரம்னு. ஒங்களுக்குப் புத்தி பேதலிச்சிட்டோன்னு நாங்க பேதலிச்சுப் போனோம். அதுக்கு என்ன எழுத? சொகம்னு எழுதினோம்."

"கை தூக்கச் சொன்னேனே."

"அது அவனுக்கு மரியாதைன்னு நெனச்சோம்," என்றார் ராயப்பன். "நீ கேட்ட மரியாதையைக் குறைக்கப்படாதுன்னு, அன்னையிலேருந்து ஒவ்வொரு சாயங்காலமும் தூக்கினோம். நேத்து வரைக்கும்."

*

தரச்சான்றுக் குழு வந்தது. மாலை போட்ட திரையில் சவரம் செய்த ஆட்களைப் பார்த்தது. தெளிவைப் பாராட்டியது. பேராசிரியர் அனுப்பிய மலர்வளையத்தில் திட்டத்தின் முழுப்பெயர் இருந்தது. இடம் போதாமல் ததேயுஸின் பெயர் நாடாவுக்குப் பின்பக்கம் போயிருந்தது.

கோமதிசங்கர் யாரையும் கேட்காமல் மெஷினில் ஒரு பொத்தான் சேர்த்தான். அமுக்கினால் மெஷின் போட்டது போய்விடும், வந்தது மட்டும் தெரியும். முதல் நாள் பெண்கள் வரிசையாக வந்து ஒவ்வொருத்தியும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்கள். ரவை. புருஷன் இல்லை, படகு இல்லை, கடல்கூட இல்லை. மறுநாள் யாரும் அமுக்கவில்லை.

"நீங்களாவது அமுக்கலாமேக்கா," என்றான் எமல்டாவிடம். பெர்க்மான்ஸ் மறுபடி கடலுக்குப் போயிருந்தான்.

"வேண்டாம் மக்கா. மனுசனும் சொகம்னு சொல்லுதான். மெஷினும் சொகம்னு சொல்லுது. ரெண்டும் சேந்து சொல்லும்போது கேட்டுட்டுப் போறேன். எனக்கு உறங்கணும்லா?"

'சமுத்திர மாதா' இப்போது ஏழு பேருடன் போகிறது. திரையில் எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆளை மெஷினுக்கு மறக்கவைக்கக் கோமதிசங்கருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் பிளாரிட்டா வந்தாள். நினைவு அட்டை அடிக்கப் படம் வேண்டும் என்றாள். அவனிடம் ததேயுஸின் படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. எல்லாம் தெளிவானவை, சிரிப்பவை, புருவத் தழும்புகூடத் துலக்கமானவை. மந்திரிப்பன்று எடுத்த அசலும் இருந்தது. ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளினான். அவள் தலையசைத்துக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கை தூக்கின படம்," என்றாள்.

அச்சடித்துக் கொடுத்தான். ஏழு பேர், ஏழு கை, நடுவே கயிற்றுச் சுருளும் கொஞ்சம் கடலும். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். முந்தானையால் மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். பிறகு அந்த இடைவெளியில் ஒரு விரலை வைத்தாள்.

"இதுல எனக்க ஆளு எவ்வளவு, தம்பி?"

கோமதிசங்கர் மெஷினிடம் கேட்கவில்லை.

"முழுசும், அக்கா."